சோப்பு வேர்க்குது, புள்ளி விழுது, நுரை வரலை: நம் கரையில் சோப்பு போடுகிறவர்களுக்கு

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் பாம்பனிலிருந்து ஒரு தங்கச்சி ஓலைப்பெட்டி நிறையச் சோப்போடு வந்தாள். “அக்கா, ராத்திரி நல்லாத்தான் அடுக்கி வச்சேன். காலையில பாத்தா அம்புட்டும் வேர்த்துக் கிடக்கு. காஸ்டிக் கூடிருச்சாக்கா?” என்று கேட்டாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். எடை சரி, கணக்கு சரி, கலக்கிய விதமும் சரி. கெடுத்தது காற்று.

ராமநாதபுரம் கரையில் மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டி என்று நம் பக்கம் சோப்பு போடுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பயிற்சியிலோ காணொளியிலோ கற்றுக்கொண்டு தொடங்குகிறோம். அந்தச் செய்முறைகளில் தப்பு கிடையாது. ஆனால் அவை காற்று காய்ந்து, தண்ணீர் இனிப்பாக இருக்கும் ஊர்களில் எழுதப்பட்டவை. நமக்குக் காற்றும் உப்பு, தண்ணீரும் உப்பு. அதனால் சோப்பில் ஏதாவது கெட்டால் உடனே எண்ணெய் அளவை மாற்றாதீர்கள். எந்தக் குறி தெரிகிறது என்று பார்த்து அதற்கு உரிய இடத்தில் தேடுங்கள். கீழே சொல்வது எண்ணெயையும் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலையும் அடுப்பில்லாமல் கலந்து அச்சில் ஊற்றும் முறைக்கு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் மூன்று

தராசு. உப்புக் காற்றில் மின்தராசின் பேட்டரி முனைகள் பச்சை பிடித்து எடை தடுமாறும். மளிகைக் கடையில் முத்திரை வைத்த 200 கிராம் எடைக்கல்லை வாங்கி, வாரம் ஒருமுறை வைத்துப் பாருங்கள். 2 கிராம் வித்தியாசம் காட்டினாலும் அந்தத் தராசில் காஸ்டிக் எடுக்க வேண்டாம்.

காஸ்டிக். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கரியமில வாயுவையும் பிடித்துக்கொண்டு சலவைச் சோடாவாக மாறும். வாயைக் கட்டாமல் வைத்த பொட்டலம் நம் ஊரில் ஒரு வாரத்தில் கட்டி தட்டிவிடும். கட்டி தட்டிய காஸ்டிக்கில் எடை இருக்கும், வேலை இருக்காது. ஒரு கணக்குச் சொல்கிறேன். 700 கிராம் தேங்காய் எண்ணெய், 200 கிராம் நல்லெண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183, நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராம் காஸ்டிக் வேண்டும். மொத்தம் 167.7 கிராம். 5 சதவீத எண்ணெயைச் சோப்பாகாமல் மிச்சம் விட்டால் 159.3 கிராம். அந்தக் காஸ்டிக்கில் பத்தில் ஒரு பங்கு ஈரமும் சோடாவுமாக இருந்தால், நீங்கள் உண்மையில் போட்டது சுமார் 143 கிராம்தான். 5 சதவீதம் மிச்சம் விட்டதாக நினைத்தது கிட்டத்தட்ட 15 ஆகிவிட்டது. கீழே வரும் கோளாறுகளில் இரண்டு மூன்று இந்த ஒரு இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். திறந்ததை இறுக்கி மூடும் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அலுமினியப் பாத்திரத்துக்கும் காஸ்டிக்குக்கும் ஆகவே ஆகாது. பாத்திரத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் போதும்.

தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு போடாதீர்கள். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரித்துப் பிசுக்காக்கும். இரும்பு இருந்தால் எண்ணெயைக் காறச் செய்யும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் கேட்கும்போது லேபிளைப் படித்து வாங்குங்கள். அதே மாதிரிக் கேனில் பேட்டரி ஆசிட்டும் விற்கிறார்கள். அதில் காஸ்டிக்கைப் போட்டால் முகத்தில் தெறிக்கும்.

சோப்பு மேல் முத்து முத்தாக வேர்வை

பாம்பன் தங்கச்சியின் கேள்வி இது. இந்த வகைச் சோப்பில் கிளிசரின் உள்ளேயே தங்கியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். வாடை வீசும் மாதங்களில், மழை விட்ட இரவுகளில், சோப்பு நிச்சயம் வேர்க்கும். துணியால் ஒற்றி எடுத்து விசிறிக் காற்றில் வைத்தால் ஒரு நாளில் காய்ந்துவிடும். சோப்பு கெட்டுப்போகவில்லை.

வேர்வை நின்றபாடில்லை, தட்டில் தண்ணீரே தேங்குகிறது என்றால் உப்புப் போட்டீர்களா என்று யோசியுங்கள். அச்சில் சீக்கிரம் இறுகட்டும் என்று உப்புச் சேர்ப்பதும், ‘கடல் உப்புச் சோப்பு’ என்று விற்பதும் இப்போது நம் பக்கம் பரவியிருக்கிறது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளப் பாத்தியிலிருந்து வாரிய கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்விடும். மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே நீர்விடத் தொடங்கிவிடும். நம் கரையில் 33 சதவீதம் என்பது கச்சான் அனல் அடிக்கும் மதியத்தில்கூட அபூர்வம். அதனால் கல்லுப்புச் சோப்பு வருஷம் முழுக்க அழும். உப்புப் போட்டே ஆக வேண்டுமானால் சுத்திகரித்த தூள் உப்பைப் போடுங்கள். மழை மாதங்களில் உப்புச் சோப்பே போடாமல் இருப்பது இன்னும் நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

உலர்த்தும் இடமும் முக்கியம். கடலைப் பார்த்த ஜன்னலை மூடுங்கள். காற்று வேண்டும் என்று திறந்துவைத்தால் உப்புத்தூறலும் சேர்ந்து வந்து படியும். சோப்புகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், விரல் நுழையும் இடைவெளியில் பனை ஓலைப் பாயிலோ மரத்தட்டிலோ நிறுத்தி, மெதுவாக மின்விசிறி ஓடவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவியைச் சுவரில் மாட்டிவிட்டால் சோப்பைத் திட்டுவது குறையும். வெளியூரில் 4 வாரத்தில் உலரும் சோப்பு, நம் கார்த்திகையில் 6 முதல் 8 வாரம் கேட்கிறது. உலராத சோப்பைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றாதீர்கள். வேர்வை உள்ளேயே நிற்கும். மெழுகுத்தாள் அல்லது அட்டைப்பெட்டி போதும்.

ஆரஞ்சுப் புள்ளி, சிக்கு நாற்றம்

இரண்டு மாதத்தில் சோப்பின் மேல் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள் விழும். முகர்ந்தால் பழைய முறுக்கு எண்ணெய் வாசம். சோப்பாகாமல் மிச்சம் நின்ற எண்ணெய் காறுவதன் குறி அது.

வரிசையாக விசாரியுங்கள். உலர்த்திய தட்டு இரும்பா? கடற்கரையில் வண்ணம் உரிந்த இரும்பு அலமாரியை விடச் சோப்புக்குப் பெரிய எதிரி கிடையாது. இரும்பும் செம்பும் துளி பட்டாலே எண்ணெய் காறும் வேகம் கூடும். புள்ளிகள் சோப்பின் அடிப்பக்கத்தில், தட்டின் கம்பி பட்ட கோட்டிலேயே வந்திருந்தால் வேறு விசாரணையே வேண்டாம். அடுத்து எண்ணெய்: பலகாரம் சுட்டதில் மிஞ்சியதா, தேதி முடிந்ததா, சூரியகாந்தி எண்ணெய் அதிகமா? சூரியகாந்தி சீக்கிரம் காறும் இனம். தேங்காய் எண்ணெய் அப்படியல்ல. பிறகு, முன்பு சொன்ன கட்டி தட்டிய காஸ்டிக். மிச்ச எண்ணெய் 15 சதவீதமாக நின்றால் காறுவதற்குத் தீனி கிடைத்த மாதிரி.

தடுக்க ஒரு நல்ல வழி சிட்ரிக் அமிலம். கிலோ எண்ணெய்க்கு 10 கிராம். அது காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட்டாக மாறி, இரும்பையும் செம்பையும் கட்டிப்போடும். அமிலம் தின்கிற காஸ்டிக்கை நீங்கள் ஈடுகட்ட வேண்டும்: நீரற்ற சிட்ரிக் 10 கிராமுக்கு 6.2 கிராம் காஸ்டிக் கூடுதல். ஈரப்படிக வகை என்றால் 5.7 கிராம். பொட்டலத்தில் எது என்று எழுதியிருக்கும். சிட்ரிக்கை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு காஸ்டிக்கை மெதுவாகப் போடுங்கள்.

புள்ளி விழுந்த சோப்பைச் சுரண்டி விற்காதீர்கள். நாற்றம் திரும்ப வரும், வாங்கியவர் திரும்ப வரமாட்டார்.

நுரை வரவில்லை என்று வாங்கியவர் சொன்னால்

முதலில், அவர் வீட்டுத் தண்ணீர் என்ன என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக் காவிரித் தண்ணீரில் பொங்கி நுரைத்த சோப்பு, அடுத்த தெரு உவர் போரில் களிம்பாகத் திரியும். உப்பு கூடக் கூடச் சோப்பு தண்ணீரில் கரைய மறுக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய்ச் சோப்புகள் முதலில் மறுக்கும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடைசிவரை தாங்கும். அதிலுள்ள லாரிக் அமிலம்தான் காரணம். கப்பலில் கடல் தண்ணீரிலேயே குளித்த மாலுமிகளுக்குத் தேங்காய் எண்ணெயில் தனியாகச் சோப்பு போட்டார்கள். நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணெய் வேறெது? வாங்குபவர் உவர்த் தண்ணீர்க்காரர் என்றால் தேங்காய் எண்ணெயை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுங்கள். முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் தோலை வறட்டிவிடும், அதனால் மிச்ச எண்ணெயை 15 முதல் 20 சதவீதம் விடுங்கள். கிலோவுக்கு 15 சதவீதம் விட்டால் காஸ்டிக் 155.5 கிராம். மேலே சொன்ன சிட்ரிக் இங்கேயும் உதவும். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பிசுக்கைக் குறைக்கும்.

15 சதவீதம் விட்டால் காறாதா என்று கேட்பீர்கள். காறும் இனம் அல்லாத தேங்காய் எண்ணெய் மட்டும் இருக்கும்போது பயம் குறைவு. அதையே சூரியகாந்தியில் செய்யாதீர்கள்.

சோதிக்கும்போது உங்கள் வீட்டுக் குழாயில் சோதிக்காதீர்கள். வாங்கப் போகிறவர் ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கிவந்து அதில் கை கழுவிப் பாருங்கள்.

ஒரு வாரமாகியும் களி மாதிரி இருக்கிறது

காஸ்டிக் வலு இழந்திருக்கும், அல்லது தண்ணீர் கூடியிருக்கும். காஸ்டிக் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் போதும். மழைக்காலத்தில் அதற்குச் சற்றே குறைக்கலாம், ஆனால் காஸ்டிக் எடைக்கும் கீழே தண்ணீர் போகவே கூடாது, கரையாது. இரண்டும் சரியென்றால், சோப்பு அடர்வதற்குள் அவசரப்பட்டு ஊற்றியிருப்பீர்கள். கரண்டியால் மேலே கோடு இழுத்தால் கோடு ஒரு நொடியாவது நிற்க வேண்டும்.

நாக்கில் சுரீர் என்கிறது

ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் வையுங்கள். சோப்பு ருசி மட்டும் என்றால் சரி. பேட்டரி முனையைத் தொட்ட மாதிரிச் சுரீர் என்றால் காஸ்டிக் மிச்சம் நிற்கிறது. ஊற்றிய மூன்றாம் நாள் சுரீர் என்பது சாதாரணம். நான்கு வாரம் கழித்தும் இருந்தால் சாதாரணம் அல்ல. வெட்டிய முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொதி தெரிந்தால், காஸ்டிக் முழுக்கக் கரையாமலே ஊற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அந்தச் சோப்பை மேலுக்குப் போடவே கூடாது. துருவி, எவர்சில்வர் சட்டியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கொதிக்கும் நீரின் மேல் வைத்து இளக்குங்கள். மொத்த எண்ணெயில் 5 சதவீத அளவு தேங்காய் எண்ணெய் சேர்த்து, கூழாகும் வரை கிளறி, ஆறிய பிறகு மறுபடி நாக்கில் சோதியுங்கள். அப்போதும் சுரீர் என்றால் பாத்திரம் துலக்கக்கூட வைக்க வேண்டாம், கை போய்விடும்.

காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் யாரும் அந்தப் பாத்திரத்தின் பக்கம் போக வேண்டாம். மேலில் பட்டால் வினிகர் தேடி ஓடாதீர்கள். குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அச்சில் பொங்கி வழிந்தது, நடுவில் பிளந்தது

கருப்பட்டி போட்டீர்களா? நம் மாவட்டத்துப் பனைக்கு நான் அடிமை. கருப்பட்டிச் சோப்பின் நுரை எனக்கு உயிர். ஆனால் சர்க்கரை எதுவானாலும் சோப்புக்குள் சூட்டைக் கிளப்பும். பால், தேன், பதநீர் எல்லாமே அப்படித்தான். சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது அது எரிமலை மாதிரிக் கிளம்பும். கிலோ எண்ணெய்க்கு 10 முதல் 15 கிராம் கருப்பட்டி போதும். முந்தின இரவே தண்ணீரை ஐஸ் கட்டியாக்கி அதில் காஸ்டிக்கைக் கரையுங்கள். எண்ணெயும் கரைசலும் 35 டிகிரிக்கு வந்த பிறகே கலக்குங்கள். அச்சைச் சாக்குப் போட்டு மூடச் சொல்லும் செய்முறைகள் குளிர் நாட்டுக்கானவை. இங்கே அச்சுக்கு அடியில் காற்று ஓட இரண்டு கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

கலக்கும்போதே கட்டியாகிவிட்டது

கிராம்பு எண்ணெய் அல்லது பூ வாசனை எண்ணெய் காரணமாக இருக்கும். வாசனையைக் கடைசியில், கை கரண்டியால் மட்டும் கலக்குங்கள், மின்கலக்கி வேண்டாம். விளக்கெண்ணெய் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலும் சீக்கிரம் இறுகும்.

வெட்டும்போது உதிர்கிறது

தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு கல்லாக இறுகும். மறுநாள் வரை காத்திருந்தால் கத்தி இறங்காது, உதிரும். 6 மணி நேரத்திலிருந்து தொட்டுப் பாருங்கள். பாலாடைக்கட்டி பதத்தில் வெட்டிவிடுங்கள். உப்புச் சோப்பை வெட்டும் அச்சில் ஊற்றாமல் தனித்தனி அச்சில் ஊற்றுவதே சரி.

மேலே வெள்ளைப் பொடி

சலவைச் சோடாப் படிவு. கெடுதல் இல்லை. ஆவியில் காட்டித் துடையுங்கள், அடுத்த முறை அச்சின் மேல் தாள் மட்டும் போட்டு மூடுங்கள், சாக்கு வேண்டாம்.

நிறம் மாறிவிட்டது

மஞ்சள்தூளைப் போட்டதும் கலவை செக்கச்செவேல் என்று ஆகும். பயப்பட வேண்டாம், காரத்தில் மஞ்சள் சிவப்பது இயல்பு. சுண்ணாம்பு தொட்டால் ஆரத்தித் தட்டு சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலர உலர ஆரஞ்சுக்கு வரும், வெயில் பட்டால் வெளுக்கும். செம்பருத்தியும் பீட்ரூட்டும் பழுப்பாகிவிடும், அவற்றை நிறத்துக்காகப் போடுவதில் பயனில்லை.

கடல்பாசிக்கு வருகிறேன். மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியைச் சோப்பில் போட எல்லோருக்கும் ஆசை. பச்சையாக அரைத்துப் போட்டால் வாரத்துக்குள் பழுப்பாகி மீன்வாடை அடிக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, உப்புக் கரிப்பு நாக்கில் தெரியாமல் போகும்வரை கழுவி, நிழலில் முறுகக் காயவைத்து, மாவாகச் சலித்து, கிலோ எண்ணெய்க்கு 10 கிராமுக்கு மேல் போடாதீர்கள். இந்தப் பாசியில் கூழாக்கும் பொருளான கேராஜினன் நிறைய இருப்பதால், கூடினால் கலவை கொழகொழவென்று இறுகும். கழுவாத பாசி உப்பைக் கொண்டுவரும். உப்பு வேர்வையைக் கொண்டுவரும். அட்டையில் ‘பாசி சோரியாசிஸைக் குணமாக்கும்’ என்று எழுதவே எழுதாதீர்கள். நோயைக் குணமாக்கும் என்று எழுதினால் சட்டத்தின் கண்ணில் அது அழகுப்பொருள் அல்ல, மருந்து. அதோடு, நோயாளி ஒருவர் அதை நம்பி வைத்தியத்தை விட்டுவிடுவார்.

தைலம் உருகுகிறது, க்ரீமில் பூசணம்

தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குள் உருகிவிடும். நம் ஊரில் அது உறைந்து பார்ப்பதே மார்கழி விடியலில்தான். உதட்டுத் தைலத்தில் 1 பங்கு தேன்மெழுகுக்கு 4 பங்கு எண்ணெய் என்று இருந்தால் 1 பங்குக்கு 3 பங்காக்குங்கள். ஒரு டப்பாவை மதியம் பூட்டிய வண்டிக்குள் வைத்துச் சோதியுங்கள்.

க்ரீம் வேறு விஷயம். தண்ணீரோ கற்றாழைச் சாறோ பாசிக் கூழோ சேர்ந்த எதுவும் கிருமிக்குச் சாப்பாடு. கண்ணுக்குப் பூசணம் தெரிவதற்கு முன்பே கிருமி பெருகியிருக்கும். வைட்டமின் ஈ எண்ணெய் காறுவதைத்தான் தள்ளிப்போடும், கிருமியைக் கொல்லாது. கிருமியைத் தடுக்கப் போடும் சோடியம் பென்சோயேட் புளிப்புப் பக்கத்தில், பி.எச். 5க்குக் கீழேதான் உருப்படியாக வேலை செய்யும். அதே வேலைக்குப் போடும் ஃபினாக்சிஎத்தனால் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பி.எச். தாளும் கிருமி தடுக்கும் பொருளின் கணக்கும் கையில் இல்லாதவர்கள் தண்ணீர் சேர்ந்த க்ரீமை விற்க வேண்டாம். எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த தைலத்தோடு நில்லுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. குழந்தைக்குத் தடவுகிறவர்கள் நம்மிடம் வாங்குகிறார்கள்.

அரிக்கிறது என்று திருப்பித் தந்தால்

விவாதிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோப்பின் பின்னால் எழுதிய தொகுதி எண்ணைப் பாருங்கள். எண் எழுதாதவர்கள் இன்றைக்கே தொடங்குங்கள். 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி விற்பனைக்குச் செய்ய உரிமம் வேண்டும், தொகுதி எண்ணும் தயாரித்த மாதமும் அட்டையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சோப்பை ஓலைப்பெட்டியில் எடுத்து வையுங்கள். புகார் வந்ததும் அந்த ஒன்றை நாக்கில் சோதியுங்கள். சுரீர் என்றால் கடைகளில் கிடக்கும் அதே எண்ணை அன்றைக்கே திரும்ப எடுங்கள். சுரீர் இல்லை என்றால் அதில் என்ன வாசனை எண்ணெய், எத்தனை கிராம் என்று நோட்டைப் பாருங்கள். அரிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கேட்டு வந்தவருக்கு வாசனை சேர்க்காத சோப்பு ஒன்றைக் கொடுங்கள். முழங்கை மடிப்பில் இரண்டு நாள் தேய்த்துப் பார்த்துவிட்டு, பிறகு மேலுக்குப் போடச் சொல்லுங்கள்.